தரிசு யாருக்குத் தரிசு?

காட்டாமணக்கு நட்டால் டீசல் காய்க்கும் என்றார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்க ஊர்ல பயிற்சி முகாம் போட்டாங்க. இடம், ஊர்க் கோயில் மண்டபம். தண்டோரா போட்டு எல்லாரையும் கூப்பிட்டது எங்க பெரியப்பா. மண்டபத்துக்குள்ள போக முடியாததும் அவர்தான்.

அப்பா வெளியே நின்னு கேட்டார், எங்களுக்கும் கன்று உண்டா என்று.

"சிட்டா, அடங்கல் இருக்கா?"

"இல்லீங்க ஐயா. தாத்தா காலத்துலருந்து உழுவுறோம்."

"பட்டா இல்லாதவனுக்குக் கன்னும் இல்ல, மானியமும் இல்ல. குழி வெட்ட ஆள் வேணும், வர்றியா?"

பயிற்சி அவர்களுக்கு, குழி எங்களுக்கு.

குழி வெட்டிய இடம் கிழக்கே இருந்த புறம்போக்கு. அரசு ஏட்டில் அது தரிசு. அம்மாவுக்கு அது அடுப்பு விறகு. ஆயாவுக்கு ஆடு மேய்க்கிற காடு. காட்டாமணக்கை ஆடு கடிக்காது. விதையோ நஞ்சு, தின்ற பிள்ளைக்கு வாந்தியும் பேதியும்தான். மூன்று வருஷம் போச்சு. டீசலும் வரல, மேய்ச்சலும் திரும்பல.

இது எங்க ஊர்க் கதை மட்டுமல்ல. 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு தரிசில் காட்டாமணக்கு போடச் சொன்னது. 2009-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்றது. நடக்கவில்லை. தண்ணியில்லாத மண்ணில் அந்தச் செடி உயிரோடு இருக்கும், காய்ப்பு இருக்காது. குழி வெட்டியவனைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்.

இன்று எத்தனால் காலம். 2025-இல் பெட்ரோலில் 20 சதவீதம் கலந்தாயிற்று என்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசி எல்லாம் எரிபொருளாகிறது. கரும்பு வெட்டுகிற கை யாருடையது? சோகையில் கிழிபடுகிற உடம்பு யாருடையது? ஆலைக்காசு யார் பெயருக்குப் போகிறது?

'புதிய விவசாயிக்கு உதவி' என்கிறார்கள். உழவு எங்களுக்குப் புதுசா? பட்டா ஒன்றுதான் புதுசு. அதுவும் எங்களிடம் இருந்ததுதான். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் எங்கள் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலமெல்லாம் எவன் கையில் இருக்கிறது? திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

சூழலியல் பேசும் தோழர்களே, டீசல் புகையை முதலில் குடிப்பவர்கள் நாங்கள்தான். மாற்று எரிபொருள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'பசுமை' என்று எழுதும்போது எவன் நிலத்தில், எவள் உழைப்பில் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அதைக் கேட்காத பசுமை, ஊர்த்தெருப் பசுமைதான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. அதை உழுகிற பெண்ணின் பெயரில் பட்டா எழுது. பயிற்சியைச் சேரியில் வந்து நடத்து. கொள்முதல் விலையை நடவுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போடு. பயிர் பொய்த்தால் நட்டம் உன்னுடையது. சோத்துக்கான நிலத்தில் கை வைக்காதே.

அப்பாவுக்கு வயசாயிடுச்சு. இந்த வருஷ ஜமாபந்தியிலும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் மனு கொடுத்தார். ரசீது வாங்கி வச்சிருக்கோம்.