கடன்பட்டவன் சம்மதம்



பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடை ஒன்றில் சென்ற வாரம் ஒரு பேச்சு அடிபட்டது. பேசியவர் படித்தவர். "ஆண்டவன் இரண்டு கிட்னி கொடுத்திருக்கிறான். ஏழைக்குப் பணம் வேண்டும், நோயாளிக்கு உயிர் வேண்டும். இருவரும் சம்மதித்துவிட்டால் குறுக்கே சட்டம் எதற்கு?" என்றார். அழகான வாதம்! கேட்டிருந்தவர்கள் தலையும் ஆடியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் வாய்மூடி எழுந்து வந்துவிட்டேன். இப்போது பதில் சொல்லுகிறேன்.

சம்மதம் என்கிறாரே, யாருடைய சம்மதம்? செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு அது நன்றாகத் தெரியும். முன்பணம் வாங்கிவிட்ட ஆள், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான், படித்துப் பார்க்கமாட்டான். நம் பாட்டன்மார் கப்பலேறியதும் சம்மதத்தின் பேரில்தான்! 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நின்றது. 1938இல் கங்காணி ஆள் பிடிப்பதும் நின்றது. அதுவரை எத்தனை ஆயிரம் சம்மதங்கள்! அவற்றையெல்லாம் நியாயம் என்று இன்று எவனாவது சொல்லுவானா?

தாய்த் தமிழகத்தைப் பாருங்கள். சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயரே வந்தது. 1994இல் இந்திய அரசாங்கம் உறுப்பு விற்பனையைத் தடுத்துச் சட்டம் போட்டது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர்கள் நேரில் விசாரித்தார்கள். 100க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 அமெரிக்க டாலர். தரகன் சொன்னதோ அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சரி, கடனாவது தீர்ந்ததா? நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனாளிகளே! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 100க்கு 86 பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். மற்றவர்களையும் விற்கச் சொல்லுவீர்களா என்று கேட்டதற்கு, 100க்கு 79 பேர் கூடாது என்றார்கள். தேநீர்க் கடை வாதத்துக்கு விற்றவர்களே சொன்ன பதில் இது.

2004இல் ஆழிப்பேரலை வீட்டை அள்ளிப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம். இம்முறை அகப்பட்டவர்கள் விசைத்தறித் தொழிலாளர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போயிற்று. தறிக்காரனுக்குக் கடன் ஏறும்வரை காத்திருந்து வந்த தரகன் யார்? தலைப்பாகை இல்லாத கங்காணி!

ஈரானில் 1988 முதல் அரசே ஏற்பாடு செய்து பணம் கொடுக்கிறது. அங்கேயும் வரிசையில் நிற்பவன் ஏழைதான். முதலாளி மகன் ஒருவனும் நிற்கக் காணோம்.

நோயாளியை நான் பழிக்கவில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது லேசான காரியமா? நம் நாட்டில் அப்படிக் கிடப்பவர்கள் 50,000க்கு மேல். கிள்ளான் பக்கத்தில் நம்மவர்களும் நிறையப் பேர் அதில் உண்டு. சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் புகுந்து பண்ணுகிற வேலை அது. அந்த ஆபத்து நேரத்தில்தான் தரகன் காதில் வந்து ஓதுகிறான். ஆனால் சுரண்டுவதற்காக ஆளைக் கடத்தி உறுப்பை எடுப்பது 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி இங்கே குற்றம். அவன் அதைச் சொல்லமாட்டான்.

விற்பது வேறு, கொடுப்பது வேறு. 1954இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இரட்டைச் சகோதரரில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார். அதுதான் உலகில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று. 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த முதல் மாற்றும் உடன்பிறந்தவர் கொடுத்ததே. அப்படிக் கொடுப்பவரை டாக்டர்கள் தலைமுதல் கால்வரை சோதிக்கிறார்கள். பிற்பாடும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். உறவல்லாதவர் கொடுக்க வந்தால், சுகாதார அமைச்சின் குழு ஒன்று, பணம் கைமாறியதா, யாராவது நெருக்கினார்களா என்று விசாரித்த பிறகுதான் அனுமதி. விற்றவனை இப்படி யார் கூப்பிட்டுப் பார்த்தார்கள்?

நம் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு, படுக்கையில் கிடக்கும் நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? புண் ஆறுமுன் பால் வாளி தூக்கச் சொன்னால் என்ன செய்வது? இதற்கு அஞ்சியே நல்ல மனிதர் பின்வாங்கினால், தரகனுக்குத்தானே கொண்டாட்டம்!

ஆகவே, உறுப்புக் கொடுப்பவருக்குச் சம்பளத்தோடு தனி லீவு, டாக்டர் சரி என்னும்வரை லேசான வேலை, பிற்பாடு சோதனைக்குப் போகும் நாளுக்கும் சம்பளம் - இம்மூன்றையும் முதலாளிமாரோடு செய்யும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஆள் வேண்டும். பால் நிறுத்து முடிந்ததும் வந்துவிடுங்கள்.