பாலாற்றில் தண்ணீர் வந்தால்... இறங்குவது சுலபம், கரையேறுவது ஏன் கஷ்டம்?

"ஆத்துல தண்ணி வந்துருச்சு!" வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இந்த ஒரு பேச்சு போதும், பாலங்களிலும் தடுப்பணைகளிலும் கூட்டம் கூடிவிடும். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே இங்கே திருவிழா மாதிரிதான். ஆனால், வேடிக்கை பார்க்கப் போனவர்கள் குளிக்க இறங்கும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

தெரிந்த ஆறுதானே, என்ன பயம்?

நடந்து கடந்த இடம், கிரிக்கெட் ஆடிய இடம் என்ற தைரியம்தான் பிரச்னையே. மணல் அள்ளிய இடங்களில் ஆழமான குழிகள் இருக்கின்றன. கலங்கிய தண்ணீர் அவற்றை மூடிவிடும். ஒரு அடி கணுக்கால் அளவு, அடுத்த அடி தலைக்கு மேல். குழியின் ஓரத்தைப் பிடித்து ஏறப் பார்த்தால் மணல் சரிந்து மீண்டும் உள்ளே தள்ளும். உள்ளே போக ஒரு நொடி போதும், வெளியே வரத்தான் வழி இருக்காது.

மழையே இல்லையே, தண்ணீர் எப்படி ஏறும்?

பாலாறு கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகி, ஆந்திரா வழியாகத் தமிழகத்துக்குள் வருகிறது. பொன்னை ஆறும் ஆந்திராவிலிருந்துதான் வந்து கலக்கிறது. மேலே பெய்த மழைக்கு, இங்கே வெயில் அடிக்கும்போதும் தண்ணீர் உயரலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடியைத் தாண்டி வெள்ளம் போனது. அதாவது, ஒரு விநாடிக்கு சுமார் 28 லட்சம் லிட்டர்.

இறங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கரையிலிருந்து கடலில் இறங்கும் முக்குளிப்பு வீரர்களுக்கு ஒரு அடிப்படை விதி உண்டு: எங்கே ஏறப்போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆற்றுக்கும் அதுவே பொருந்தும்.

- இறங்கிய இடத்திலேயே ஏற முடியாது, ஓட்டம் கீழே இழுத்துச் செல்லும். அங்கே படித்துறையோ சரிவான கரையோ இல்லையென்றால் இறங்கவே வேண்டாம்.
- தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் சுழன்று ஆளை உள்ளேயே பிடித்து வைக்கும். அங்கே நீச்சல் தெரிந்தவர்களும் தப்பிப்பது கடினம்.
- தலைகீழாகக் குதிக்கக் கூடாது.
- நுரை பொங்கும், நாற்றம் அடிக்கும் தண்ணீர் என்றால் தோல் கழிவு கலந்திருக்கலாம். தள்ளி நிற்பதே நல்லது.

மாட்டிக்கொண்டால்?

ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் சீக்கிரம் களைத்துவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். மணல் சரிந்தால் எழுந்து நிற்காமல், மார்பு தரையில் பட ஊர்ந்து ஏற வேண்டும்.

அடுத்தவர் மூழ்கினால்?

பதறிப்போய்க் குதிப்பவரும் சேர்ந்து மூழ்கும் அபாயம் அதிகம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூழ்கிய 4 இளைஞர்களில் இருவரை, சேலைகளை வீசிக் காப்பாற்றினார்கள் மூன்று பெண்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சேலை, கயிறு, மூடிய காலிக் குடம் என எது கிடைத்தாலும் வீசுங்கள். கூடவே 112-க்கு அழையுங்கள். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்குவதோ, தோளில் போட்டுச் சுற்றுவதோ கூடாது. மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர்கள் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும்.

யார் பொறுப்பு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2022-ல் மட்டும் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு தண்டோரா போட்டால் மட்டும் போதாது. குழிகள் கண்ணுக்குத் தெரிவது ஆறு காய்ந்து கிடக்கும்போதுதான். அவற்றை மூடுவது, எச்சரிக்கைப் பலகை வைப்பது, பாதுகாப்பான படித்துறை கட்டுவது எல்லாமே கோடையிலேயே முடிய வேண்டிய வேலைகள்.