கணக்கில் எழுதாத போர்வை



மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் உள்ள இலுப்பைக்கடவையிலிருந்து இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம். வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பேர்போன இந்தக் கரையிலிருந்து போர்வையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நுவரெலியாவிலும் மஸ்கெலியாவிலும் உள்ளவர்கள் கேட்கலாம். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. மலையகத்தில் மண் சரிந்தது. மன்னாரில் வெள்ளம் ஏறியது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லயத்தை விட்டு ஓடியவர்களும் வயற்கரை வீட்டை விட்டு ஓடியவர்களும் பாடசாலைக் கட்டடங்களில்தான் ஒதுங்கினார்கள். மாரிமழையில் சீமெந்துத் தரையில் பிள்ளையைக் கிடத்திய எந்தத் தாயும் இந்தக் கரையில் போர்வை எதற்கு என்று கேட்கமாட்டாள்.

இப்படியான வேளைகளில் முதலில் வந்து நிற்பவர்களில் கோயில்களின் பெண்கள் குழுக்கள் உண்டு. பழைய சேலைகளைச் சேர்க்கிறார்கள். துவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். மடித்து அடுக்கித் தைத்துப் போர்வையாக்குகிறார்கள். கையில் ஊசி, பக்கத்தில் பேச்சுத்துணை, மாலை நேரத்தில் ஓரிரு மணி. பெரிய முதலீடு இல்லாத வேலை இது.

தொழிற்சங்கத்துக்காரர்களான நாம் இதை எப்படிப் பார்ப்பது? "நாம் கேட்பது உரிமை, போர்வை வாங்கிப் பழகினால் கேட்கும் குரல் தணிந்துவிடும்" என்கிறார்கள் சிலர். "குளிரில் நடுங்கும் பிள்ளையிடம் கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச முடியுமா?" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதில் நம் நிலைப்பாடு என்ன என்று சொல்வதற்கு முன் நம் சொந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

கம்பளி என்பது நம் பாட்டிமாருக்கு வெறும் துணியின் பெயர் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கு அரிசியும் கம்பளியும் கொடுத்தார்கள். மழையில் கொழுந்தெடுக்கப் போகும்போது அந்தக் கம்பளியே கொங்காணி; இரவில் அதுவே போர்வை. ஆனால் அது இனாம் இல்லை. அரிசியின் விலையோடு கம்பளியின் விலையும் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டது. ஊரிலிருந்து கூட்டிவந்த செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசி, கம்பளி என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கடன் ஏறியது. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. கடனைக் கட்டி எடுக்கும் துரை கிடைத்தால்தான் ஆள் வெளியேறலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குளிரிலிருந்து காத்த அதே கம்பளி, ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடும் கயிற்றிலும் ஓர் இழையாக இருந்தது.

துண்டு போய்விட்டது, பற்றெழுதும் பழக்கம் முழுவதாகப் போய்விடவில்லை. தீபாவளி முற்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குக் கொடுத்தோம் என்று பேர் வரும். மாதாமாதம் சம்பளச் சீட்டில் பிடித்தம் வரும். நம் உழைப்பின் காசு நமக்கே கடனாக வந்து போகிறது. யாராவது ஒரு பொருளை நீட்டினால் "இதை எதில் பிடிப்பார்கள்?" என்ற கேள்வி நம் மனதில் எழுவது அதனால்தான். அந்தச் சந்தேகத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது செக்ரோல்.

இந்த மன்னார் மாவட்டமும் அந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் கடல் கடந்து வந்து இறங்கி, இந்த மண்ணின் வழியாகத்தான் மாத்தளை நோக்கிக் காட்டு வழியில் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதி வழியில் விழுந்தவர்கள் பலர். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த மலையகம் 200 நடைபயணம் அவர்களை நினைத்து நடந்த நடை. 1958, 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட நம் உறவுகள் பலர் வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலத்துக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். 2008இல் யுத்தம் இந்தக் கரையோரம் வந்தபோது அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து கிழக்கே ஓடினார்கள்; 2009இல் மெனிக்பாம் முகாமில் வரிசையில் நின்றார்கள். பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு போர்வை நீட்டப்படும்போது மனது என்ன பாடுபடும் என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். போர்வை தேவைப்பட்டது; அந்த வரிசை யாருக்கும் பிடிக்கவில்லை.

இதைத் தைக்கிற பக்கத்திலிருந்தும் பார்ப்போம். கோயில் பெண்களின் தையல் வேலைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறவர் விவிலியத்தில் வரும் தபித்தா. தொற்கா என்றும் அவருக்குப் பெயர். யோப்பா என்ற கடற்கரைப் பட்டினத்தில் கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். அவர் இறந்தபோது, அவர் தைத்துத் தந்த ஆடைகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டினார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள். கொடுத்தவளும் ஒரே ஊர், வாங்கியவர்களும் ஒரே ஊர். தூரத்துக்குத் தைப்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், ஐரோப்பாவில் வீடிழந்தவர்களுக்கு உதவ அமெரிக்க லூத்தரன் சபையினர் ஒரு நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். அச்சபைப் பெண்கள் கிழிந்த துணி, மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு, 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்று அளவு வைத்து, ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் போர்வைகள் செய்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். யார் போர்த்துவார்கள் என்று தைத்தவளுக்குத் தெரியாது. யார் தைத்தது என்று போர்த்தியவளுக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் கடன்படாத கொடுக்கல் இது. நம் கம்பளிக் கணக்கின் நேர் எதிர்ப்பக்கம்.

தையல் வேலை இன்னொன்றும் செய்ய வல்லது. நாகர்கோவிலில் 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மோல்ட் என்ற மிஷனரிப் பெண் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பின்னல் விற்ற காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் விலை கொடுத்து விடுதலை பெற்றார்கள். அதே ஊசியும் நூலும்தான். கூலி பெண்ணின் கையில் வந்து சேர்ந்ததால் அது விடுதலைக்கு வழியானது. ஆகவே போர்வை தானமாகப் போகும்போது இலவசமாகத் தைக்கலாம்; விற்பனைக்குப் போகத் தொடங்கினால் தைத்தவளுக்குக் கூலி உண்டு. கோயில் வேலை என்ற பெயரிலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி உரிமையின் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள். மண் சரிந்த பிறகு நாடெங்கும் இருந்து உடுப்பும் போர்வையும் உணவும் வந்தன. கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைத்தது 2016இல்தான். போர்வை வந்த வேகத்துக்கும் வீடு வந்த வேகத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். தர்மத்தைக் கண்டு நாம் அஞ்சவேண்டிய இடம் அந்த இடைவெளிதான். போர்வை வாங்குவதால் குரல் தணிவதில்லை. "அவர்களுக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே" என்று பொறுப்பாளிகள் கோப்பை மூடும்போதுதான் குரல் அமுக்கப்படுகிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. கையில் வந்தது 2021இல். அந்த ஆறு வருடத்தில் எத்தனை பொதி உடுப்பு, எத்தனை பொதி அரிசி தோட்டங்களுக்கு வந்திருக்கும்? அவற்றில் ஒன்றும் சம்பளக் கணக்கில் சேராது, சேரவும் கூடாது.

ஆகவே நமது நிலைப்பாடு இதுதான். போர்வையை வாங்குவோம், நாமும் தைப்போம், அதைக் காட்டி நமக்குச் சேரவேண்டியதை மறைக்க யாரையும் விடமாட்டோம். இதற்காகத் தோட்டக் கமிட்டிகளுக்கும் மாதர் தலைவிமாருக்கும் சில யோசனைகள்:

முதலாவது, வாங்குகிறவர்களாக மட்டும் இருக்க வேண்டாம். ஒரு நூல் சேலை ஏறத்தாழ 18 அடி. அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளத்தில் மூன்று மடிப்பு. ஓரம் அடித்து, நடுவில் சாண் இடைவெளி விட்டு ஓட்டுத்தையல் போட்டால் ஒருவர் போர்த்தப் போதும். மேல்மலைக் குளிருக்கு இரண்டு சேலைகளைச் சேர்த்துத் தைக்கலாம். தை, மாசியில் உறைபனி விழும் நுவரெலியாப் பக்கத்துக்கு ஐப்பசியிலேயே போர்வை போய்ச் சேரவேண்டும். பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ வாரம் ஒரு மாலை கூடினால் தைத்து முடிக்கலாம்.

இரண்டாவது, சமயம் கேட்கக் கூடாது. தோட்டங்களில் பெரும்பாலானோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். வேதக்கோயில் பெண்கள் தைத்த போர்வை அம்மன் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கொடுக்கப்படட்டும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாய் என்றும் கேட்கக் கூடாது. இதை நம் சங்கத்துக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

மூன்றாவது, படம் எடுக்கக் கூடாது. வாங்கும் முகத்தைப் படம்பிடித்துப் போடுவதும் ஒருவகைப் பற்றெழுத்துத்தான். முதியவர்களையும் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தாமல் காம்பரா காம்பராவாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான்காவது, இதுதான் முக்கியம். போர்வை கொடுக்க ஒவ்வொரு வாசலுக்கும் போவீர்கள் அல்லவா, அப்போது ஒரு கொப்பியும் பேனாவும் கையில் இருக்கட்டும். யாருக்குப் போர்வை கொடுத்தோம் என்று அதில் எழுத வேண்டாம். அந்தக் காம்பராவின் கூரைத் தகரம் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, 10க்கு 12 அடிக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், பின்மேட்டில் வெடிப்பு உண்டா, மண்சரிவு எச்சரிக்கைக் கடிதம் வந்ததா, சொன்ன 7 பேர்ச் காணி வந்ததா, உறுதி கையில் உண்டா என்று எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. பதில் வரும்வரை மாதம் ஒருமுறை கமிட்டி அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும். படித்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். எழுத ஆள் இல்லை என்ற பேச்சு இனிச் செல்லாது.

நூறு வருடத்துக்கு மேலாகத் துரையின் பேரேட்டில் நம் கடனை அவர்கள் எழுதினார்கள். நமக்கு வரவேண்டிய கடனை இந்த முறை நம் பெண்கள் எழுதட்டும். கோயிலில் தைத்த போர்வை எந்தக் கணக்கிலும் ஏறவேண்டாம். ஒழுகும் கூரை ஒவ்வொன்றும் கணக்கில் ஏறவேண்டும்.