பவளமா, பிழைப்பா?

“மீனவன் வயிற்றில் அடித்துப் பவளத்தைக் காப்பதா?” கடலில் எங்கேனும் தடை போட்டால் உடனே எழுப்பப்படும் கேள்வி இது. எந்த மீனவனின் வயிறு என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

பிரிட்டனின் தென்கரையில் இருக்கிறது லைம் வளைகுடா. அதன் அடிப்பாறைகளில் இளஞ்சிவப்புக் கடல் விசிறி என்னும் மென்பவளம் வளர்கிறது. பார்வைக்குச் செடி, உண்மையில் சின்னஞ்சிறு பிராணிகளின் குடியிருப்பு. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மில் தொழிலாளி வேலையில் சேர்ந்த நாளில் முளைத்தது, அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு முழத்தை நெருங்கும். அவ்வளவுதான் அதன் வேகம்.

1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இதற்குப் பாதுகாப்பு தந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கை, அலங்காரப் பொருளாக விற்கப் பறித்தவனைத்தான் எட்டியது. ஸ்காலப் சிப்பிக்காகப் பல் வைத்த இரும்புச் சட்டத்தைக் கடலடியில் இழுத்துச் சென்றவர்களை எட்டவில்லை. நாற்பதாண்டு வளர்ச்சி ஒரே இழுப்பில் போயிற்று. தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களும் செய்துபார்த்தார்கள். லாபம் எதிரே கிடக்கும்போது ஒப்பந்தம் என்ன செய்யும்!

2008 ஜூலையில்தான் சர்க்கார் 206 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடிமடிக்கும் இரும்பு வாரிக்கும் தடை விதித்தது. கடலையே பூட்டிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு வைக்கலாம், தூண்டில் போடலாம், முங்கிச் சிப்பி எடுக்கலாம்.

விளைவு என்ன? கூடு வைக்கும் சிறு படகுக்காரர், தம் கூடுகளை இழுவைப் படகு வாரிப்போகும் என்ற அச்சமின்றித் தொழில் செய்தார். பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் கடலடியைப் படம் பிடித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் மீட்சியின் அறிகுறி தென்பட்டது. பாறையில் மட்டுமல்ல, பாறைகளுக்கிடையே கிடந்த கூழாங்கல் பரப்பிலும் உயிர்கள் குடியேறின. 2013-14 குளிர்காலப் புயல்கள் அதில் பெரும்பகுதியை அழித்தன. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நமக்குச் சாதகமான கதையை மட்டும் சொல்லிப் போக நாம் விரும்பவில்லை. இழுவைப் படகுகள் வேறு கடலுக்குப் போயின. அங்கே நெரிசல் கூடியது. தடைக்குள்ளும் கூடுகளின் எண்ணிக்கை பெருகியது. கூடுகளை நெருக்கி வைத்த இடங்களில் நண்டும் சிங்கியும் குறைவாகக் கிடைத்தன, அடியில் வளர்ந்தவையும் சேதமுற்றன என்று பின்னர் ஆராய்ச்சி காட்டியது. சிறு தொழிலாளியின் கூட்டுக்கும் கணக்கு வேண்டும் என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

இது நமக்கு அந்நியமான வழக்கல்ல. பாக் நீரிணையில் இழுவை மடிக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள தகராறு இதே தகராறுதான். கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கும் சட்டம் 1983 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. கடல் விசிறிகளுக்கு இந்தியாவில் 2001-லேயே உயர்ந்த பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஏட்டில் இருப்பதைக் கடலில் காட்டு என்பது நமது முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, இழுவைப் படகில் பங்குக்கும் கூலிக்கும் போகிறவனைப் பற்றியது. படகு அவனுடையதல்ல, எங்கே மடி இறக்குவது என்று முடிவு செய்பவனும் அவனல்ல. தடை வரும் நாளன்று படகு முதலாளி வேறு துறைமுகம் பார்த்துக்கொள்வார். கூலியாளுக்கு மாற்றுத் தொழிலும் அதுவரை நிவாரணமும் அதே உத்தரவில் எழுதப்பட வேண்டும்.