பி.ஆர்.ஓ. வேலைக்கு எந்த இங்கிலீஷ்?

கூடலூர்னு சொன்னா பாதிப்பேர் "ஊட்டி பக்கமா?"ம்பாங்க. மீதிப்பேர் காதுல கடலூர்னு வாங்கிக்கிட்டு புயல் மழையைப் பத்தி விசாரிப்பாங்க. நம்மளோடது தேனி மாவட்டத்துக் கூடலூருங்க. கம்பம் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு முந்தி. அதுக்கப்புறம் மலை ஏறினா குமுளி, கேரளா.

இந்த ஊர்லருந்தும் இப்ப பி.ஆர்.ஓ. வேலைக்குப் போகணும்னு பிள்ளைங்க கிளம்பியிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா "அதுக்கு இங்கிலீஷ் வேணுமே"ன்னு அவங்க நேரா போய் நிக்கிற இடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி நோட்டைக் காட்டுனா. தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கிறது எப்படி, ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் கேக்குறது எப்படி... ரயிலே போடியோட நின்னுருது, எங்க ஊருக்கு வர்றதில்ல :-) ரெண்டு மாசம் இதைப் படிச்சு, நாக்கைச் சுழட்டிப் பேசக் கத்துக்கிட்டு வெளிய வர்ற பிள்ளைகிட்ட ஒரு செய்திக்குறிப்பு எழுதச் சொல்லுங்க. பேனா நகராது.

என் கட்சி இதுதான். மக்கள் தொடர்பு வேலைக்கு வேண்டியது பேச்சு இங்கிலீஷ் இல்ல, எழுத்து இங்கிலீஷ். அதுவும் அலங்காரமான எழுத்து இல்ல. என்ன, எங்க, எப்ப, யாருக்குங்கறத முதல் ரெண்டு வரியில போட்டுடணும். பத்திரிகை ஆபீஸ்ல இடம் பத்தலைன்னா கீழேருந்துதான் வெட்டுவாங்க. உயிரானதைக் கடைசி பத்தியில வச்சீங்கன்னா போச்சு. 1906ல அமெரிக்காவுல ரயில் ஒண்ணு கவுந்தப்போ, ரயில் கம்பெனி சார்பா ஐவி லீ விவரத்தை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இந்தத் தொழிலோட முதல் செய்திக்குறிப்புன்னு அதைத்தான் சொல்றாங்க. மறைக்காம, முந்திக்கிட்டுச் சொன்னதுதான் அதுல விசேஷம்.

நம்ம ஊர்லயும் பாருங்க. தமிழ் சினிமாவோட முதல் பி.ஆர்.ஓ.ன்னு பேர் வாங்கின ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1958ல நாடோடி மன்னன் படத்துக்கு அந்த வேலையைப் பார்த்தவர். அவர்கிட்ட இருந்த சரக்கு படங்களும் தகவல்களும். எந்தப் படம், எந்த வருஷம், யார் யார் நடிச்சதுன்னு கேட்ட நிமிஷத்துல எடுத்துக் கொடுக்க முடிஞ்சது. மொழி அதுக்குப் பின்னாலதான்.

அப்ப இங்கிலீஷே வேணாமான்னு கேட்டா, வேணும். ஏன்னு எங்க பள்ளத்தாக்குக்காரங்களுக்குத் தெரியும். 2011 நவம்பர்ல 'டேம் 999' படம் வந்துச்சு, தமிழ்நாட்டுல தடையாச்சு. டிசம்பர்ல ஆயிரக்கணக்கான ஜனம் குமுளியைப் பார்த்து நடந்தாங்க. அப்ப வடக்க இருக்கறவங்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு வரி: "1895ல கட்டின பழைய அணை, உடைஞ்சா ஆபத்து." சின்ன வரி, பயமான வரி, யாருக்கும் புரியற வரி. அங்க உள்ள ஜனங்களோட பயத்தைப் பொய்னு நான் சொல்லல. ஆனா நம்ம பக்கத்து வரி எங்க? அஞ்சு மாவட்டம் அந்தத் தண்ணியை நம்பியிருக்குங்கறதும், 142 அடி தேக்கலாம்னு 2006லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சுங்கறதும் தமிழ்ப் பத்திரிகைல பக்கம் பக்கமா வந்துச்சு. இதையே நாலு வரி இங்கிலீஷ்ல, அன்னிக்குச் சாயங்காலமே டெல்லி நிருபருக்கு அனுப்ப விவசாயி பக்கத்துல ஒரு ஆள் இல்ல. அரசாங்கம் கேரளப் பத்திரிகைகள்ல விளம்பரம் கொடுத்துச்சு, சரி. ஆனா அது முதல்வர் குரல், நெல்லு நடுறவன் குரல் இல்லையே. அணை பலமா இருக்குன்னு 2012ல நீதிபதி ஆனந்த் குழு சொன்னதுக்கும், 2014 மே 7ல தீர்ப்பு வந்ததுக்கும் அப்புறமும் அந்தப் பழைய வரிதான் வெளியூர்ல ஓடிக்கிட்டிருக்கு.

இன்னொண்ணு. எங்க ஊர்லருந்து விடியக்காலை ஜீப்புல ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க மலையாளம் பேசுறதைக் கேட்டிருக்கீங்களா? இலக்கணம் படிச்சவங்க யாரு? கூலி, எடை, வண்டி, மழைன்னு தேவையான சொல்லை முதல்ல பிடிச்சாங்க, மத்தது தானா ஒட்டிக்கிச்சு. பி.ஆர்.ஓ. ஆக நினைக்கிற பிள்ளையும் அப்படித்தான் ஆரம்பிக்கணும். தினம் ஒரு செய்தியைத் தினத்தந்தியிலயும் தி இந்துவுலயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கட்டும். எவன் எதை முதல்ல சொல்றான், எதை விடுறான்னு பார்க்கட்டும்.

அப்புறம், தமிழை விட்டுட்டு இங்கிலீஷுக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. தூர்தர்ஷன்ல படம் நின்னா 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு போடுவாங்க, ஞாபகமிருக்கா? அந்தக் 'கிறோம்'ல வருந்துற ஆள் இருக்காரு. அதையே ஆபீஸ் இங்கிலீஷ்ல போட்டா 'இன்கன்வீனியன்ஸ் இஸ் ரெக்ரெட்டட்'. யாரு ரெக்ரெட் பண்றதுன்னு கேட்டா ஆளைக் காணோம்! நல்ல தமிழ் தெரிஞ்சவன் 'வீ ஆர் சாரி'ன்னு எழுதுவான். இந்த வேலைக்கு அவன்தான் தேவை. அதுவும் மாவட்ட அளவுல செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குப் போனா, தினம் தமிழ்ல எழுதியே ஆகணும்.

நோட்டு காட்டின பொண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கேன். கம்பம் பள்ளத்தாக்கு இருபோகத்துக்குப் பெரியாறுலருந்து தண்ணி திறக்கறாங்க, 14,707 ஏக்கர். இதை நெல்லே பார்க்காத ஒரு டெல்லிக்காரனுக்கு அஞ்சு வரியில எழுதிட்டு வான்னேன். மூணு தடவை எழுதிட்டா. முதல் தடவை 'கூடலூர்'னு மட்டும் போட்டிருந்தா. ரெண்டாவதுல 'தேனி' சேர்ந்துச்சு. மூணாவதுல இருபோகம்னா என்னன்னு ஒரே வாக்கியத்துல சொல்லிட்டா. ஏக்கர் கணக்கு இன்னும் நாலாவது வரியிலதான் கெடக்கு. மேல ஏத்தச் சொல்லியிருக்கேன்.