கேள்வி கேட்டால் துரோகியா?

"பயிற்சியாளரைக் குறை சொல்ற நீயெல்லாம் ஒரு ரசிகனா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் எதிரணிக்காரர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இவர் என்னைப் போலவே ஆரஞ்சும் கறுப்புமான சட்டை போட்டுக்கொண்டு, லைக்கார்ட் மைதானத்தின் புல்மேட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அதனால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் அணி வெஸ்ட்ஸ் டைகர்ஸ். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் தொடங்கிய 1908-லேயே ஆடிய பால்மெயினையும் வெஸ்டர்ன் சபர்ப்ஸையும் ஒன்றாக்கி உருவான அணி; இணைந்து களமிறங்கியது 2000-ல். 2005-ல் கோப்பை வாங்கினோம். அந்த இறுதிப்போட்டியில் பெஞ்சி மார்ஷல் ஓடிக்கொண்டே பின்பக்கமாகத் தட்டிவிட்ட பந்தை பாட் ரிச்சர்ட்ஸ் வாங்கிக் கோட்டைத் தாண்டினாரே, அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டுதான் இருபது வருஷமாக உயிர் வாழ்கிறோம். முதல் 8 இடத்துக்குள் வந்தால் நாக்அவுட் கட்டத்துக்குப் போகலாம். 2011-க்குப் பிறகு 2025 வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. 2016, 2018, 2019 மூன்று ஆண்டும் ஒன்பதாவது இடம். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் கடைசி இடம். 2023 ஜூலையில் டவுன்ஸ்வில்லில் 74-0 என்று தோற்றோம். அன்று எதிரணி ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டியபோதும் எங்கள் ஆட்கள் கம்பத்தடியில் வட்டமாகக் கூடி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொல்வதற்கு யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. அதையும் கடைசிவரை பார்த்தவன் நான். என்னிடம் வந்து விசுவாசத்துக்குச் சான்று கேட்கிறார்கள்.

குமுறல் தோல்விக்காக இல்லை. தோற்கிற அணியை நேசிக்க எங்களுக்குத் தெரியும். எங்களை இரண்டாகப் பிரித்து மோதவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் பெயரைச் சொல்லி "ஆதரிப்பவன் ஒரு பக்கம், எதிர்ப்பவன் ஒரு பக்கம்" என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலை அது.

கோப்பை வாங்கித் தந்த டிம் ஷீன்ஸை 2012-ல் அனுப்பினார்கள். மிக் பாட்டர் வந்தார், போனார். ஜேசன் டெய்லர் வந்தார். அவருக்கும் ராபி ஃபாராவுக்கும் ஒத்துவரவில்லை. ஃபாரா எங்கள் கேப்டனாக இருந்தவர், பால்மெயின் மண்ணின் பிள்ளை மாதிரி. 2016-ல் அவரை ரிசர்வ் அணியில் ஆடவிட்டார்கள். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் லைக்கார்ட் ஸ்கோர்போர்டின் உச்சியில் ஏறித் தனியாக உட்கார்ந்தார். அந்தப் படத்தைப் பார்த்துத் தொண்டை அடைக்காத டைகர்ஸ்காரர் யாராவது உண்டா? அப்போதும், "பயிற்சியாளர் சொன்னால் சொன்னதுதான், வாயை மூடு" என்று எங்களில் பாதிப்பேர் மீதிப்பேரை ஏசினார்கள். அடுத்த ஆண்டு மூன்றே ஆட்டம் முடிந்ததும் டெய்லரையும் நீக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஃபாராவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நாங்கள் பேசிய பேச்சும் இழந்த நட்பும்தான் திரும்பி வரவில்லை.

பிறகு ஐவன் கிளியரி. எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம் என்றார். நம்பி ஏறினோம். 2018 முடியும்போது, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமிருக்க, மகன் ஆடும் பென்ரித்துக்குப் போய்விட்டார். 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு கோப்பை அங்கே. அவரை நம்பியவர்கள் ஏமாளிகள், நம்பாதவர்கள் துரோகிகள். எந்தப் பக்கம் நின்றாலும் எங்களுக்குத்தான் அடி.

மைக்கேல் மகுவைர் கதை இதைவிடக் கொடுமை. 43 ஆண்டு காத்திருந்த சவுத் சிட்னிக்கு 2014-ல் கோப்பை வாங்கித் தந்தவர். எங்களிடம் வந்தார், 2022 ஜூனில் துரத்தினார்கள். "அவர் போனால்தான் விடிவு" என்று அன்று மேட்டில் கத்தியவர்கள் எத்தனை பேர்! 2024-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணியைப் பிரிஸ்பேனிலேயே ஜெயிக்க வைத்தார். 2025-ல் பிரிஸ்பேன் பிராங்கோஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். எங்களிடம் இருந்த மூன்றரை வருஷம் மட்டும் அந்த மனுஷனுக்கு வேலை தெரியாமல் போய்விட்டதா? அல்லது யார் வந்தாலும் கையைக் கட்டிப்போடுகிற இடமாக இது இருந்ததா? இதைக் கேட்பது துரோகம் என்றால் விசுவாசம் என்பதற்கு என்ன பொருள்?

2023 டிசம்பரில், தனி விசாரணைக்குப் பிறகு, கிளப்பின் தலைவரும் தலைமை நிர்வாகியும் போனார்கள். அதுவரை எங்கள் கோபம் முழுக்க பயிற்சியாளர் தலையிலேயே விழுந்தது. அது அப்படி விழுவது சிலருக்கு வசதியாக இருந்தது.

இப்போது பெஞ்சி மார்ஷல் பயிற்சியாளர். அவர் பெயரைச் சொன்னாலே எனக்கு 2005 கண்ணில் நிற்கும். ஆனாலும் அவர் ஆள் மாற்றுவதில் தப்பு செய்தால் தப்பு என்றுதான் சொல்வேன். நேசிக்கிற ஆளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? 2025-ல் எங்கள் இளம் ஆட்டக்காரர் லாக்லன் கால்வின் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்றார். இந்தப் பயிற்சியில் தன் ஆட்டம் வளராது என்று அவர் நினைப்பதாக ஏடுகள் எழுதின. சக வீரர்களே வெளிப்படையாகக் கொதித்தார்கள். எங்கள் ஆட்கள் அந்த இளைஞனைக் கரித்துக் கொட்டினார்கள். சில வாரங்களில் அவர் கேன்டர்பரிக்குப் போய்விட்டார். ஆட்டக்காரருக்கு வேறு அணி இருக்கிறது. பயிற்சியாளருக்கு வேறு வேலை இருக்கிறது. நிர்வாகிக்கு வேறு நாற்காலி இருக்கிறது. எனக்கு எங்கே போவது? கேம்பல்டவுனில் ஒரு வாரம், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி லைக்கார்டில் ஒரு வாரம் என்று மழையில் நனைந்த புல்லில் உட்காருகிற எங்களுக்கு இன்னொரு அணி கிடையாது. போக இடமில்லாதவனைப் பார்த்தா "பிடிக்கவில்லையென்றால் போ" என்கிறீர்கள்?

சந்தா கட்டினோம், சட்டை வாங்கினோம், பிள்ளைகளையும் இதே நிறத்துக்குள் இழுத்து வந்தோம். எங்களுக்குப் பதில் வேண்டும். ஷீன்ஸ் லாயக்கில்லை என்று 2012-ல் அனுப்பியவர்கள் 2023 பருவத்துக்கு அவரையே ஏன் கூப்பிட்டார்கள்? 2020-ல் பெஞ்சிக்கு ஒப்பந்தம் இல்லை என்று கதவைக் காட்டியது யார் முடிவு? அடுத்த ஆண்டே அவர் சவுத் சிட்னிக்காக இறுதிப்போட்டி ஆடினாரே, அன்று அந்த முடிவை எடுத்தவர்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள்? கிளியரியை விடுவித்த தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? மகுவைரின் கையைக் கட்டியது யார்? பயிற்சியாளர் பெயரைச் சொல்லித் தப்பிக்காமல், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.