நாய்க்கு எதுக்குங்க அலுமினியச் சட்டை?

சுத்தி வளைக்காம நேரா சொல்லிடறேன். கடையில பளபளன்னு அடுக்கி வெச்சிருக்கற ஒரு கிலோ, மூணு கிலோ நாய்த் தீனி பாக்கெட்டுல பெரும்பாலானது, காலியான அடுத்த நிமிஷம் எதுக்கும் உதவாத குப்பை. அதை அப்படித்தான் செய்யணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. செய்யறவனுக்கும் இது தெரியும், செய்யச் சொல்றவனுக்கும் தெரியும்.

உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டா, நான் பொட்டி தட்டற ஆள் இல்லீங்க, பிளாஸ்டிக் ஃபிலிம் ஓட்டற ஆள். குஜராத்துல வாப்பிப் பக்கம் பதினோரு வருஷமா குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். (நிஜமாவே குப்பைதான். அதுதானே இந்தப் பதிவே!)

வீட்ல காலி பாக்கெட் இருந்தா ஒரு ஓரத்தைக் கத்தரிச்சு, நகத்தால பிரிச்சுப் பாருங்க. பார்க்க ஒரே தாள் மாதிரி இருக்கும். உள்ளே குறைஞ்சது மூணு இருக்கும். வெளியில 12 மைக்ரான் பாலியெஸ்டர். பிரிண்ட் அதோட உள்பக்கம்தான், அதான் தேய்ச்சாலும் போகாது. நடுவுல 7லேர்ந்து 9 மைக்ரான் அலுமினிய ஃபாயில், இல்லைன்னா அலுமினியப் பூச்சு அடிச்ச இன்னொரு பாலியெஸ்டர். உள்ளே 80, 100 மைக்ரானுக்குக் கனமான பாலிஎத்திலீன். எல்லாத்தையும் பாலியூரித்தேன் பசையால ஒட்டி வெச்சிருப்போம். நாங்க ஒட்டினா ஒட்டினதுதான், ஜென்மத்துக்கும் பிரியாது.

எதுக்கு இவ்வளவு? உலர் தீனியை மெஷின்ல பொரிச்சு எடுத்து உலர்த்தின பிறகு மேல கொழுப்பைத் தெளிப்பாங்க. அந்த வாசனைக்குத்தான் நாய் ஓடி வருது. அந்தக் கொழுப்புல காத்து பட்டா காறிப் போயிடும். தீபாவளி முறுக்கு தை மாசம் வரைக்கும் டப்பாவுல கிடந்தா ஒரு வாடை வருமே, அதேதான். ஆக்சிஜன், ஈரம், வெளிச்சம் மூணையும் தடுக்கணும், கொழுப்பும் வெளியே கசியக் கூடாது. இந்தத் தேவை நியாயமானது. நான் சண்டை போடறது தேவையோட இல்லை, அதுக்கு நாம பிடிச்ச வழியோட.

பாலிஎத்திலீன் 110லேர்ந்து 130 டிகிரியில உருகிடும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல வேணும். ரெண்டையும் சேத்து உருக்கினா ஒண்ணு கருகும், இல்லைன்னா இன்னொண்ணு கல்லு மாதிரி அப்படியே நிக்கும். நடுவுல அலுமினியம் வேற. அதனால காயலான் கடைக்காரர் (இங்க பங்கார்வாலா) இதைக் கையால தொட மாட்டார். அவர் தொடாததைக் குப்பை பொறுக்கறவங்களும் எடுக்க மாட்டாங்க. எடுத்தா அவங்களுக்கு ஒரு பைசா கிடைக்காதே. கடைசியில கொழுப்பு வாடையோட அது தெருமுனையில கிடக்கும். வீட்டு நாய்க்கு வாங்கின பாக்கெட்டைத் தெரு நாயும் மாடும் மெல்லும்.

சரி, அந்த அலுமினியம் யாருக்கு உழைக்குது? கத்தரிக்கோல் படற வரைக்கும்தான் அதுக்கு வேலை. ஒரு நாளைக்கு 100 கிராம் தின்கிற சின்ன நாய்க்கு 3 கிலோ பாக்கெட் ஒரு மாசம் வரும். அந்த ஒரு மாசமும் வாய் திறந்துதானே கிடக்கு? நல்ல ஜிப் வெச்சா பிரயோஜனம் உண்டு. ஆனா செலவைக் குறைக்கணும்னா கம்பெனி முதல்ல கழட்டறது ஜிப்பைத்தான். ஆக, அந்த 9 மைக்ரான் காப்பாத்தறது நாயை இல்லை, கோடவுன்லயும் கடை அலமாரியிலயும் மாசக்கணக்குல சரக்கு தூங்கற வசதியை.

டிசைன் கூத்து இன்னும் மோசம். தீனி தெரியட்டும்னு முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல் வெப்பாங்க. வெளிச்சம் பட்டா கொழுப்பு சீக்கிரம் காறும். வெளிச்சத்தைத் தடுக்க ஒரு லேயர் போட்டு, அப்புறம் அதுல ஓட்டை போட்டு வெளிச்சத்தை உள்ளே விடறதுக்குப் பேரு டிசைனாம். அடுத்தது பழுப்புக் காகித ஃபேஷன். பார்த்தா மண்ணோட மண்ணா மக்கிப் போகும்னு தோணும். உள்ளே தடவிப் பாருங்க, வழவழன்னு பிளாஸ்டிக். பேப்பர் மில்லுக்கும் ஆகாது, பிளாஸ்டிக்காரனுக்கும் ஆகாது. அமெரிக்காவுல பேப்பர்ல எண்ணெய் ஊறாம இருக்க ஃபுளூரின் ரசாயனம் (பிஎஃப்ஏஎஸ்) பூசிக்கிட்டு இருந்தாங்க. உணவுப் பேப்பருக்கான அந்தப் பூச்சு இப்போ அங்க விற்பனையில இல்லைன்னு 2024 பிப்ரவரியில அந்த நாட்டு எஃப்டிஏ அறிவிச்சுது. அதனால பேப்பர்னு சொன்னதும் கும்பிடு போட்டுடாதீங்க.

மாத்து வழி இல்லையான்னா, இருக்கு. எல்லா லேயரும் பாலிஎத்திலீனாவே வெச்சு, வெளி லேயரை மட்டும் இழுத்து விறைப்பாக்கி பிரிண்ட் பண்ணலாம். ஆக்சிஜனைத் தடுக்க ஈவிஓஹெச்னு ஒரு பிசினை நடுவுல மெலிசா ஓட்டினா போதும். மொத்த எடையில 5 சதவீதத்துக்குள்ள இருந்தா ஐரோப்பிய மறுசுழற்சி வழிகாட்டிகளே அதை ஏத்துக்குது. ஈரத்தைத் தடுக்க பாலிஎத்திலீனே கெட்டிக்காரன். 15, 20 கிலோ மூட்டைகளையே பாருங்களேன். பலதும் நெய்த பாலிப்ரொப்பிலீன் மேல பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் ஒட்டினதுதான். ரெண்டும் ஒரே குடும்பம். காயலான் கடைக்காரரும் வாங்கிப்பார்.

நஷ்டம் இல்லாம இல்லை. விலை கொஞ்சம் கூடும். சீல் பண்ற சூட்டுல வெளி லேயரும் சுருங்கப் பார்க்கும், அதனால மெஷினை மெதுவா ஓட்டணும். 121 டிகிரியில வேக வைக்கற ஈரத் தீனி பௌச் இன்னும் கஷ்டம், அதுக்கு நான் கொஞ்சம் வாய்தா கொடுப்பேன். ஆனா அதையே 2020-ல நெஸ்லேயும் ஆம்கோரும் சேந்து பூனைத் தீனிக்கு நெதர்லாந்துல செஞ்சு காட்டிட்டாங்க. உலர் தீனிக்கு என்னங்க சாக்கு?

ஒரு மீட்டிங்ல ஒரே பிளாஸ்டிக்ல செஞ்ச சாம்பிளை வெச்சோம். வந்த மார்க்கெட்டிங் பெரியவர் கையில கசக்கிப் பார்த்துட்டு சொன்னார்: "மொடமொடன்னு சத்தம் வரலையே, ப்ரீமியம் ஃபீல் இல்லை." தீனி கெடுமான்னு கேக்கலை. நாய் திங்குமான்னு கேக்கலை. சத்தம் வரலையாம்!

இவங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை, கதவைத் திறந்து விட்டது அரசாங்கம். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள்ல, மறுசுழற்சி பண்ண முடியாத பல லேயர் பிளாஸ்டிக்கை ரெண்டு வருஷத்துல ஒழிக்கணும்னு இருந்தது. ரெண்டு வருஷம் முடிஞ்சப்போ ஒழிஞ்சது பாக்கெட் இல்லை, விதி. 2018 திருத்தத்துல "எரிசக்தி எடுக்க முடியாத", "மாற்று உபயோகம் இல்லாத"ன்னு வார்த்தைகளைச் சேத்தாங்க. எரிச்சா சூடு வராத பாக்கெட் எங்கேங்க இருக்கு? சிமெண்ட் சூளையில போட்டா போதும், புண்ணியம் சேந்துடும். 2022-ல வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள்லயும் பாலியெஸ்டர்–பாலிஎத்திலீன் ஒட்டுப் பாக்கெட்டும், சுத்தமான பாலிஎத்திலீன் பாக்கெட்டும் ஒரே வகையிலதான் வருது. ஒழுங்கா செய்யறவனுக்குத் தனியா ஒரு சலுகையும் இல்லை. அப்புறம் எவன் மெனக்கெடுவான்?

கண்டிப்பா சொன்னா கேப்பாங்கங்க. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவுல தகரத்துக்கு ரேஷன் வந்துச்சு. அது வரைக்கும் அங்க நாய்த் தீனி பெரும்பாலும் டின்ல வித்தது. டின் கிடையாதுன்னு சொன்னதும் உலர் தீனிக்கு மாறிக்கிட்டாங்க. எந்த நாயும் பட்டினி கிடக்கலை. 2025-ல அமலுக்கு வந்த ஐரோப்பிய யூனியன் சட்டம், 2030-லேர்ந்து எல்லா பேக்கேஜிங்கும் மறுசுழற்சிக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு சொல்லுது. அங்க கடை போட்டிருக்கற பெரிய கம்பெனிங்கதான் இங்கேயும் விக்கறாங்க. ஐரோப்பிய நாய்க்கு ஒரு நியாயம், நம்ம ஊர் நாய்க்கு ஒரு நியாயமா?

கேக்கறது ரெண்டே விஷயம். விதியிலேர்ந்து அந்த எரிசக்தி வார்த்தையைத் தூக்குங்க. ஒரே பிளாஸ்டிக்ல செய்யறவனைத் தனி வகையாக்கி அவன் கட்டறதைக் குறைங்க. நாய் வளக்கற மக்களே, பாக்கெட்டுல இருக்கற கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டு, "இந்தக் கவர் ஒரே பிளாஸ்டிக்கா, ஒட்டுப் போட்டதா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நூறு பேர் கேட்டா அந்தக் கேள்வி எங்க மீட்டிங்குக்கு வந்தே தீரும். பதில் சொல்ல நான் சாம்பிளோட காத்திருக்கேன்.

டிஸ்கி: தீனியை டப்பாவுல கொட்டி வெக்காதீங்க. பாக்கெட்டோடவே டப்பாவுக்குள்ள வெச்சு மூடுங்க. டப்பா சுவத்துல ஒட்டற பழைய கொழுப்பு புதுத் தீனியையும் கெடுக்கும். நாய்க்கு ஏதாவது ஆனா பேட்ச் நம்பரும் கையில இருக்கும். திட்டறதுக்கும் ஆதாரம் வேணும்ல :-)